அரங்கத்தை இடித்து வீடு கட்டப்போகிறார்களா? இங்கிலாந்தில் திட்ட அனுமதி விண்ணப்பத்தை எதிர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

மின்கம்பத்தில் கட்டிவைத்த, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் இட்ட ஒரு தாள்தான் பெரும்பாலும் முதல் செய்தி. நீங்கள் பல ஆண்டுகளாகப் பந்தயம் பார்த்த அரங்கத்தையோ ஞாயிறுதோறும் ஆடிய திடலையோ அகற்றிவிட்டு அங்கே வீடுகள் கட்ட அனுமதி கோரி, இன்ன எண் கொண்ட விண்ணப்பம் கவுன்சிலுக்கு வந்திருக்கிறது என்றும், கருத்துச் சொல்ல விரும்புவோர் இன்ன தேதிக்குள் எழுத வேண்டும் என்றும் அதில் இருக்கும். அந்த அவகாசம் வழக்கமாக 21 நாள். அதில் முதல் வாரம் கோபத்திலும் இரண்டாம் வாரம் கையெழுத்து திரட்டுவதிலும் கழிந்துவிட, மூன்றாம் வாரத்தில்தான் பலர் விண்ணப்பத்தைத் திறந்து படிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதற்காகவே இக்கட்டுரை.

இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்தின் நடைமுறை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. இங்கிலாந்திலும் கொள்கை ஆவணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், எந்தப் பத்தி எண்ணையும் மேற்கோள் காட்டுமுன் நடப்புப் பதிப்பை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அந்த அரங்கத்தின் மேல் உங்களுக்கு எவ்வளவு பற்று என்று கவுன்சில் உங்களிடம் கேட்கவில்லை. அந்த இடம் விளையாட்டுக்கு இனித் தேவையா, தேவையென்றால் இழப்புக்கு ஈடு என்ன என்பதே அதன் முன்னுள்ள கேள்வி. பத்தாயிரம் கையெழுத்து இருந்தும் தோற்ற இயக்கங்கள் உண்டு. ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதில் கையெழுத்துகளில் இருப்பதில்லை.

விண்ணப்பத்தைப் படித்தல்

கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணை இட்டால் எல்லா ஆவணங்களும் கிடைக்கும். அவை பல நூறு பக்கங்கள் இருக்கலாம். முதல் நாளே அனைத்தையும் தரவிறக்கி, தேதியிட்ட கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் வரைபடங்கள் திருத்தப்பட்டுப் புதியவை ஏறும்போது, எது மாறியது என்று காட்ட உங்களிடம் பழைய பிரதி இருக்க வேண்டும்.

பிறகு சிவப்புக் கோட்டைப் பாருங்கள். மனையின் எல்லையைக் காட்டும் வரைபடத்தில் விண்ணப்பத்துக்கு உட்பட்ட நிலம் சிவப்புக் கோட்டால் சூழப்பட்டிருக்கும். அரங்கம் மட்டுமா, பக்கத்துப் பயிற்சித் திடலும் வாகன நிறுத்துமிடமும் சேர்ந்தா என்பது அங்கேதான் தெரியும். விண்ணப்பிப்பவர் நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும். ஆகவே நிலம் யாருடையது என்பதை உரிமைச் சான்றிதழ்ப் படிவத்தில் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இது முழு விண்ணப்பமா, வரைவுநிலை விண்ணப்பமா என்று கவனியுங்கள். வரைவுநிலையில் கட்டடத்தின் தோற்றம், உயரம் போன்றவை பின்னால் முடிவாகும் என்று ஒதுக்கிவைக்கப்படும். “இது வெறும் வரைவுதானே, விவரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுவது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அங்கே வீடு கட்டலாமா கூடாதா என்ற அடிப்படைக் கேள்வி வரைவுநிலையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் பேச முடிவது செங்கல்லின் நிறத்தைப் பற்றி மட்டுமே.

ஆவணக் குவியலில் உங்களுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, விண்ணப்பதாரரின் திட்ட விளக்க அறிக்கை. எந்தக் கொள்கையை எப்படி நிறைவேற்றியதாக அவர் வாதிடுகிறார் என்பது அதில் இருக்கும். மற்றொன்று, விளையாட்டுத் தேவை பற்றிய மதிப்பீடு. அது இருக்கிறதா, யார் எழுதியது, எந்த ஆண்டின் தரவு, எந்தச் சங்கங்களைக் கேட்டார்கள் என்று பாருங்கள். அப்படியொரு மதிப்பீடே இல்லையென்றால் உங்கள் முதல் ஆட்சேபணை கையில் கிடைத்துவிட்டது.

மூன்று கதவுகள்

2004ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம், 38ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவில், திட்ட அனுமதி பற்றிய முடிவு அந்த வட்டாரத்தின் வளர்ச்சித் திட்டத்துக்கு இணங்க இருக்க வேண்டும் என்றும், அதற்கு மாறாகப் போவதற்குக் கருதத்தக்க வேறு காரணம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே அந்த வளர்ச்சித் திட்டத்தின் முக்கியப் பகுதியான, உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் விளையாட்டு இடங்களைக் காக்கும் பிரிவு எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதே ஆவணத்தில் இந்த மனை ஏற்கெனவே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒதுக்கப்பட்டிருந்தால் போராட்டம் பலமடங்கு கடினம். அது ஒதுக்கப்பட்ட காலத்தில், அதாவது உள்ளூர்த் திட்டம் வரைவாக இருந்தபோது, வந்திருக்க வேண்டிய ஆட்சேபணை அது. உங்கள் அரங்கத்துக்கு இன்னும் விண்ணப்பம் வராத நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இப்போதே போய்ப் பார்க்க வேண்டியது அந்த வரைவைத்தான்.

உள்ளூர்த் திட்டத்துக்கு மேலே தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகம் இருக்கிறது. இதன் 2024 டிசம்பர் பதிப்பில் 104ஆம் பத்தி உங்களுக்கு உயிர்நாடி. (2021 பதிப்பில் இதே விதி 99ஆம் பத்தியாக இருந்தது, பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.) திறந்தவெளி, விளையாட்டுக் கட்டடங்கள், விளையாட்டு நிலங்கள் ஆகியவற்றின் மேல் கட்டடம் கட்டக் கூடாது என்பதே அந்த விதி, விலக்கு மூன்று. அந்த இடம் தேவைக்கு மிஞ்சியது என்று ஒரு மதிப்பீடு தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். அல்லது, அளவிலும் தரத்திலும் சமமான அல்லது மேலான மாற்று இடம், பொருத்தமான அமைவிடத்தில் கிடைக்க வேண்டும். அல்லது, கட்டப்படுவதே வேறொரு விளையாட்டு வசதியாக இருந்து, அதனால் வரும் நன்மை பழையதன் இழப்பைத் தெளிவாக விஞ்ச வேண்டும்.

விண்ணப்பதாரருக்கு இந்த மூன்று கதவுகளில் ஒன்று திறந்தால் போதும். உங்களுக்கோ மூன்றையும் அடைக்க வேண்டும். எந்தக் கதவு வழியாக அவர் வர முயல்கிறார் என்பதைத் திட்ட விளக்க அறிக்கையிலிருந்து கண்டறிந்து, உங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள்.

இதற்கு நல்ல பாடம் கவென்ட்ரி நகருக்கு அருகிலுள்ள பிராண்டன் அரங்கம். 1928 முதல் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயமும், பின்னாளில் ஸ்டாக் கார் பந்தயமும் நடந்த இடம் அது. கவென்ட்ரி பீஸ் என்ற ஸ்பீட்வே அணியின் தாயகம். 2016 பருவத்தோடு அங்கே பந்தயம் நின்றது. பூட்டிக் கிடந்த அரங்கம் நாசவேலைக்கும் தீ வைப்புக்கும் இரையாகிச் சிதைந்தது. 2018இல் வீடுகள் கட்டும் விண்ணப்பம் அந்த வட்டாரத்தை ஆளும் ரக்பி நகரக் கவுன்சிலுக்குப் போனது. இறுதி வடிவத்தில் அது 124 வீடுகள், ஒரு செயற்கைப் புல் திடல், ஒரு சிறு கட்டடம் என்று இருந்தது. அந்தச் செயற்கைப் புல் திடல் எதற்காக என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அது மூன்றாம் கதவுக்கான சாவி.

2022 நவம்பரில் கவுன்சில் அதை மறுத்தது. 2023இல் பொது விசாரணையாக நடந்த மேல்முறையீட்டிலும் விண்ணப்பித்த நிறுவனம் தோற்றது. எதிர்ப்பாளர்கள் தங்கள் இழப்புணர்வைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அது நடந்திருக்காது. சிதைந்த கட்டடம் என்பது தேவையற்ற கட்டடம் ஆகாது. பூட்டிய வாயிலில் ஆள் வராததை வைத்து ஆர்வம் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. கால்பந்துத் திடல் ஒன்று ஸ்பீட்வே தடத்துக்கு ஈடாகாது. இந்த மூன்றையும் ஆதாரத்தோடு நிறுவ வேண்டியிருந்தது. விண்ணப்பம் வந்ததற்கும் முதல் முடிவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டு. பெரிய விண்ணப்பத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 13 வாரம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சேர்ந்தால் 16 வாரம். ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அது நீண்டுகொண்டே போகும். ஐந்தாண்டு தாங்கும் மூச்சோடு தொடங்குங்கள்.

மூன்றாம் கதவு எப்போதும் போலியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். தென்மேற்கு லண்டனில் விம்பிள்டன் கிரேஹவுண்ட் அரங்கம் இருந்த இடத்தில் கால்பந்து அரங்கமும் 600க்கு மேற்பட்ட வீடுகளும் கட்ட மெர்ட்டன் கவுன்சில் 2015 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. 2017 மார்ச்சில் கடைசி நாய்ப் பந்தயம் நடந்தது. 2020 நவம்பரில் ஏஎஃப்சி விம்பிள்டன் அணி புதிய அரங்கில் ஆடத் தொடங்கியது. ஒரு விளையாட்டின் இடத்தில், சொந்த மண்ணுக்குத் திரும்ப ஏங்கிய அணியோடு இன்னொரு விளையாட்டு வரும்போது, எதிர்ப்பவரின் வாதம் மெலிந்துவிடுகிறது. உங்கள் வழக்கு அத்தகையதா என்று தொடக்கத்திலேயே நேர்மையாகக் கேட்டுக்கொள்வது வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

இரண்டாம் கதவில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: மாற்று இடம் எங்கே, எத்தனை பேருந்து மாற வேண்டும், வாடகை எவ்வளவு, இரவு விளக்கு உண்டா, பார்வையாளர் அமர இடம் உண்டா, எப்போது திறக்கும்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பழைய திடலை மூடுமுன் புதியது திறக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் இல்லையென்றால், வாக்குறுதி வாக்குறுதியாகவே நின்றுவிடும். “வேறு இடத்து விளையாட்டு மேம்பாட்டுக்கு இவ்வளவு பவுண்டு தருகிறோம்” என்ற உறுதிமொழியையும் இதே கண்ணோடு பாருங்கள். பணம் வரும்; நிலம் எங்கிருந்து வரும்?

வீட்டுத் தட்டுப்பாடு என்ற எதிர்வாதம்

வீடுகள் தேவையில்லை என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அது உண்மையும் அல்ல. அதைச் சொல்பவரின் மற்ற வாதங்களும் மதிப்பிழக்கும். ஐந்து ஆண்டுக்குத் தேவையான வீட்டு மனைகளைக் காட்ட முடியாத கவுன்சில்களில் தராசு விண்ணப்பதாரர் பக்கம் சாய்ந்தே தொடங்குகிறது. அனுமதியால் வரும் தீங்கு, நன்மையைப் பெருமளவில் விஞ்சுவதாகக் காட்டினால்தான் மறுக்க முடியும். உங்கள் கவுன்சிலின் நிலை என்ன என்பது அதன் வீட்டுமனை இருப்பு அறிக்கையில் இருக்கும். போதிய இருப்பு இருந்தால் அந்த எண்ணை மேற்கோள் காட்டுங்கள். இல்லையென்றால், வீடு கட்டத்தக்க மனைகள் வட்டாரத்தில் வேறு உண்டு, ஆனால் இந்த விளையாட்டை நடத்தத்தக்க இடம் இது ஒன்றே என்ற வாதத்துக்கு வாருங்கள். நிலம் பசுமை வளையத்துக்குள், அதாவது நகரம் பரவாதபடி கட்டுமானம் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள், இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிராண்டன் அரங்கம் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே கட்டடம் நின்ற நிலம் என்றால் அந்தப் பாதுகாப்பு அவ்வளவு இறுக்கமானதல்ல.

ஆதாரம் திரட்டல்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். இதற்குத்தான் குறைவான ஆட்கள் முன்வருவார்கள்.

பல கவுன்சில்கள் விளையாட்டுத் திடல்களின் இருப்பையும் தேவையையும் கணக்கிட்டு ஓர் ஆய்வை வைத்திருக்கும். அதை எடுத்து, உங்கள் அரங்கமோ திடலோ அதில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். “காக்கப்பட வேண்டியது” என்று கவுன்சிலின் சொந்த ஆவணமே சொல்லியிருந்தால், அதைவிட வலிய சான்று வேறில்லை.

அந்த ஆய்வு சொல்லாததையும் பாருங்கள். இப்படிப்பட்ட கணக்கெடுப்புகள் பெரும்பாலும் பதிவுபெற்ற சங்கங்களைத்தான் கேட்கின்றன. லண்டனில் நம்மவர்களின் பழைய மாணவர் சங்கங்கள் கோடையில் நடத்தும் கிரிக்கெட் போட்டிகளை நினைத்துப் பாருங்கள்: முன்பதிவு ஒருவர் பெயரில் ஒரே ஒரு நாளுக்கு இருக்கும், திடலிலோ காலை முதல் மாலை வரை பல அணிகளும், அவர்களின் குடும்பங்களும், கொத்துரொட்டிக் கடையும் இருக்கும். பதிவேட்டின் கண்ணுக்கு அது ஒரு முன்பதிவு. அப்படிக் கணக்கில் வராத பயன்பாட்டைக் கணக்கில் கொண்டுவருவது உங்கள் வேலை. ரசீதுகள், போட்டி அட்டவணைகள், தேதி தெரியும் புகைப்படங்கள், அணிகளின் பட்டியல், இடம் கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் எல்லாம் சான்று. திருப்பி அனுப்பிய மின்னஞ்சலை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. ஆனால் தேவை நிறைவேறாமல் இருக்கிறது என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி.

அரங்கம் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தால், அதைத் திரும்ப நடத்த முன்வருவோர் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். வெறும் ஆசை போதாது. நடத்தத் தகுதியுள்ளவர் கையெழுத்திட்ட கடிதம், தோராயமான வரவு செலவுக் கணக்கு, அந்த விளையாட்டின் ஆட்சிக் குழு தரும் ஆதரவு ஆகியவை வேண்டும். “இலாபம் வராது” என்று நிறுவனம் ஒரு நிதி அறிக்கையை வைத்தால், அது எந்த வாடகையை, எந்தப் பழுதுபார்ப்புச் செலவை அடிப்படையாகக் கொண்டது என்று கேளுங்கள். உரிமையாளர் பராமரிக்காமல் விட்டதால் ஏறிய செலவையும் சேர்த்து இலாபமில்லை என்று கணக்குக் காட்டியிருந்தால், அந்த இடத்தைத்தான் சுட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு திட்ட ஆலோசகரின் சில நாள் உழைப்பை விலைக்கு வாங்குவது பயன் தரும். அதற்குப் பணம் திரட்ட, பெயரும் விதிமுறையும் மூன்று பொறுப்பாளர்களும் இரட்டைக் கையெழுத்து வங்கிக் கணக்கும் கொண்ட ஓர் அமைப்பைத் தொடக்கத்திலேயே உருவாக்கிவிடுங்கள்.

கடிதம் எழுதுதல்

ஆட்சேபணைக் கடிதத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பெயரில்லாக் கடிதத்துக்கு மதிப்பில்லை. கடிதம் பொதுப் பார்வைக்கு வரும் என்பதால், யாரையும் குற்றம் சாட்டும் வரி எதுவும் வேண்டாம். வீட்டு விலை குறையும், என் சன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும், நிறுவனம் பேராசை பிடித்தது, முதலாளி நல்லவர் அல்லர் என்பவை திட்டமிடலில் காரணங்களே அல்ல. அவற்றை எழுதுவதால் தீங்கு இல்லை என்று நினைக்கலாம். ஆனால் கவுன்சிலின் திட்ட அதிகாரி தன் அறிக்கையில் ஆட்சேபணைகளைச் சுருக்கும்போது, நல்ல வாதமும் இவற்றோடு ஒரே வரியில் போய்விடுகிறது.

அச்சடித்த ஒரே கடிதத்தை ஐந்நூறு பேர் அனுப்புவதைவிட, தம் சொந்தப் பயன்பாட்டைச் சொல்லும் ஐம்பது கடிதங்கள் மேலானவை. அமைப்பின் சார்பில் கொள்கை வாதத்தை முழுமையாக எழுதும் நீண்ட கடிதம் ஒன்று இருக்கட்டும். மற்றவர்கள் சாட்சிகளாக எழுதட்டும். ஒரு சாட்சிக் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

“நான் எட்டு ஆண்டுகளாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஞாயிறுதோறும் இத்திடலில் ஆடிவருகிறேன். எங்கள் சங்கத்துக்கு இரண்டு அணிகள் உள்ளன. கடந்த கோடையில் மூன்றாவது அணிக்கு இடம் கேட்டபோது எந்த ஞாயிறும் காலியில்லை என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை இணைத்துள்ளேன். விண்ணப்பதாரர் தரவிருக்கும் செயற்கைப் புல் திடல் கால்பந்துக்கான அளவுடையது. அதில் கிரிக்கெட் ஆட முடியாது. ஆகவே இழப்புக்கு ஈடு செய்யப்பட்டதாகக் கொள்ள முடியாது.”

இது எழுத பத்து நிமிடம் ஆகும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெரியவர்களிடம் அவர்கள் சொல்வதைக் கேட்டு, நீங்கள் எழுதி, அவர்களிடம் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 21 நாள் கடந்தபின் வரும் கடிதங்களையும் முடிவெடுக்கும் நாள்வரை கவுன்சில்கள் பொதுவாகப் பார்க்கின்றன. ஆனால் அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். திருத்திய வரைபடங்கள் வந்தால் மீண்டும் எழுத வேண்டும். முதல் கடிதமே போதுமென்று இருந்துவிட்டால், திருத்தம் உங்களுக்கு நிறைவளித்ததாகத் தோன்றக்கூடும்.

துணை நிற்கக் கூடியவர்கள்

நிலம் விளையாட்டுத் திடலாக இருந்தால், குறிப்பாகக் கடந்த ஐந்து ஆண்டுக்குள் பயன்பாட்டில் இருந்திருந்தால், ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பைக் கேட்டே கவுன்சில் முடிவெடுக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. இந்தக் கட்டாயத்தை நீக்கும் யோசனையை அரசு 2025இல் முன்வைத்ததால், நடப்பு நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாய்ப் பந்தயத் தடம், ஸ்பீட்வே தடம், பனிச்சறுக்கு அரங்கம் போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் முன்பும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த அமைப்பு கருத்துத் தரலாம், நீங்கள் கேட்கலாம்.

உங்கள் வட்டாரக் கவுன்சிலர், விண்ணப்பங்கள்மேல் வாக்களித்து முடிவெடுக்கும் திட்டக் குழுவில் இல்லாதவரானால், அவர் வெளிப்படையாக உங்கள் பக்கம் நின்று பேசலாம். அதிகாரி மட்டத்திலேயே முடிந்துவிடக்கூடிய விண்ணப்பத்தைக் குழுவின் முன் கொண்டுவருமாறு கேட்கவும் செய்யலாம். குழு உறுப்பினர்களிடம் மட்டும் “எங்களுக்கு வாக்களிப்பேன் என்று சொல்லுங்கள்” என்று கேட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதாகத் தோன்றினால் அவர் வாக்களிக்க முடியாமல் போகும். உங்கள் ஆதரவாளரை நீங்களே வெளியேற்றியது போலாகும்.

நிலத்தின் வரலாறு

திட்ட விதிகளுக்கு அப்பால், நிலத்தின் பத்திரத்திலேயே பாதுகாப்பு இருக்கலாம். நிலப் பதிவகத்தில் சில பவுண்டு செலுத்தினால் உரிமை ஆவணத்தின் பிரதி கிடைக்கும். கட்டடம் கட்டக் கூடாது என்ற உடன்படிக்கை உண்டா, பொதுமக்களின் பொழுதுபோக்குக்காகக் கவுன்சில் வாங்கிய நிலமா என்று பாருங்கள்.

ஷ்ரூஸ்பரி நகரின் கிரீன்ஃபீல்ட்ஸ் பொழுதுபோக்குத் திடலின் ஒரு பகுதியை நகர மன்றம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. அது பொதுமக்களுக்கான அறக்கட்டளைக்கு உட்பட்ட நிலம் என்பதை மன்றம் உணரவில்லை. விற்குமுன் உள்ளூர்ச் செய்தித்தாளில் அடுத்தடுத்து இரண்டு வாரம் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிர்வாகச் சட்டத்தின் விதியையும் பின்பற்றவில்லை. வீடு கட்ட அனுமதியும் வழங்கப்பட்டது. உள்ளூர்வாசி ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2023 மார்ச்சில் அந்த அனுமதி ரத்தானது. இத்தனைக்கும் வேர், ஆவணக் காப்பகத்தில் கிடந்த பழைய பத்திரங்கள். ஓய்வு பெற்ற, பொறுமையுள்ள ஒருவரை இந்த வேலைக்கு அமர்த்துங்கள்.

இன்னொரு கருவி, 2011ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் தந்த சமூக மதிப்புள்ள சொத்துப் பட்டியல். வட்டாரத்தில் வாழும் 21 பேர் கொண்ட குழு கூட விண்ணப்பிக்கலாம். கவுன்சில் எட்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு கூட ரசிகர்களின் முயற்சியால் 2013இல் இப்படிப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் இருக்கும்போது உரிமையாளர் விற்க விரும்பினால், சமூகம் பணம் திரட்ட ஆறு மாதம்வரை விற்பனை நிறுத்திவைக்கப்படலாம். இது இடிப்பதைத் தடுக்காது, உங்களுக்கே விற்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாது. ஆனால் திட்ட முடிவில் ஒரு காரணமாகக் கருதப்படலாம். இந்த விதிகளை வலுப்படுத்தும் மசோதா 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

இடிப்பதைத் தடுக்க வேறு வழி தேட வேண்டும். பல கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே, ஒரு முன்னறிவிப்பு நடைமுறையோடு இடித்துவிட முடியும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டாலோ, இடம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டாலோ அது முடியாது. கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ நாய்ப் பந்தய அரங்கம் 2008 ஆகஸ்டில் மூடப்பட்டு, நீண்ட எதிர்ப்பையும் மீறி 2012இல் வீடுகளுக்கு அனுமதி பெற்றது. மரபுப் பட்டியலில் இருந்த முகப்பு இன்றும் நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலோ கவுன்சில் அங்குள்ள பந்தய அரங்கத்தையே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது; அது பின்னாளில் மீண்டும் திறந்தது. இரண்டு அரங்கங்களின் கதையும் எங்கே பிரிந்தது என்று பார்த்தால், கவுன்சில் எந்தப் பக்கம் நின்றது என்பதில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குழுக் கூட்டம்

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அதிகாரியின் அறிக்கை வெளியாகும். வந்த அன்றே படித்து, அதில் உள்ள பிழைகளை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். பேச உங்களுக்கு மூன்று நிமிடம் கிடைக்கலாம். சில இடங்களில் அதையும் மற்ற எதிர்ப்பாளர்களோடு பங்கிட வேண்டும். பெயர் பதிவு செய்யும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அதிகாரி அனுமதிக்கப் பரிந்துரைத்திருந்தால், உறுப்பினர்களுக்கு உங்கள்மேல் இரக்கம் இருந்தாலும் மறுக்கப் பயம் இருக்கும். காரணமில்லாமல் மறுத்தால் மேல்முறையீட்டில் தோற்று, எதிர்த்தரப்பின் செலவையும் கவுன்சில் ஏற்க நேரலாம். எனவே மூன்று நிமிடத்தில் கடைசி முப்பது விநாடியை, அவர்கள் அப்படியே எடுத்தாளக்கூடிய ஒரு மறுப்புக் காரணத்துக்கு ஒதுக்குங்கள்: எந்தக் கொள்கை, அதன் எந்தப் பகுதி நிறைவேறவில்லை, எந்தச் சான்று அதைக் காட்டுகிறது. நல்ல பேச்சு என்று கைதட்டல் வாங்குவதைவிட, தீர்மானத்தை முன்மொழிபவர் உங்கள் தாளைப் பார்த்துப் படிப்பது பயனுள்ளது.

முடிவுக்குப் பின்

அனுமதி கிடைத்துவிட்டால், எதிர்த்தவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை கிடையாது. இது அநீதி என்று தோன்றும், விதி அப்படித்தான். ஆனால் குழுவின் தீர்மானம் வேறு, அனுமதி ஆணை வேறு. ஆணை வெளியாகுமுன், விண்ணப்பத்தைத் தம் கையில் எடுக்குமாறு துறை அமைச்சருக்கு எழுதலாம். ஆணை வெளியான பின் எஞ்சுவது நீதிமன்ற மறுஆய்வு. அதற்குக் கெடு ஆறு வாரம். முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும், முடிவு நல்லதா என்பதை அல்ல. சுற்றுச்சூழல் சார்ந்த வழக்குகளில், தோற்றால் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டிய செலவுக்குப் பொதுவாகத் தனிநபருக்கு 5,000 பவுண்டு, அமைப்புக்கு 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு உண்டு. உங்கள் வழக்கறிஞரின் கட்டணம் அதில் அடங்காது.

லண்டனில் மேயருக்கும் அதிகாரம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். விம்பிள்டன் பூங்காவை ஒட்டிய முன்னாள் கோல்ஃப் திடலில் 38 டென்னிஸ் களங்களும் 8,000 இருக்கை அரங்கமும் அமைக்கும் திட்டத்துக்கு, 2023 அக்டோபரில் மெர்ட்டன் ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதம் அண்டைக் கவுன்சிலான வான்ட்ஸ்வொர்த் மறுத்தது. 2024 செப்டம்பரில் மேயர் அலுவலகம் அதைத் தானே எடுத்து அனுமதித்தது. உள்ளூர் அமைப்பு தொடுத்த மறுஆய்வு வழக்கை 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு கவுன்சில் மறுத்துவிட்டது என்று பட்டாசு வெடிப்பதற்குமுன் மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், நிறுவனத்துக்கு மேல்முறையீடு செய்ய ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது. பொது விசாரணை நடந்தால், உங்கள் அமைப்பு முறையான தரப்பாகச் சேர விண்ணப்பிக்கலாம். அப்போது சாட்சிகளை நிறுத்தவும், எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியும். ஆலோசகருக்காகச் சேர்த்த நிதியில் பாதியையாவது இந்த நாளுக்காக மிச்சம் வைத்திருங்கள்.

அங்கும் வென்ற பிறகு, பூட்டு திறந்துவிடாது. மறுப்பு என்பது வீடு கட்டாதே என்ற ஆணைதானே தவிர, பந்தயம் நடத்து என்ற ஆணை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு அரங்கம் 2012 இறுதியில் மூடப்பட்டு, வீட்டுத் திட்டங்களைக் கடந்து, 2022இல்தான் ஸ்பீட்வேக்கும் நாய்ப் பந்தயத்துக்கும் மீண்டும் திறந்தது. அந்தப் பத்தாண்டில் நடத்துபவரைத் தேடுவது, உரிமையாளரோடு குத்தகை பேசுவது, கூரை ஒழுகுகிறது என்று கவுன்சிலுக்கு எழுதுவது எல்லாம் எதிர்ப்பு இயக்கத்தின் வேலைகள்தாம். திருத்திய விண்ணப்பம் ஒன்று மறுபடி வரவும் தடையில்லை. ஆகவே கவுன்சில் இணையதளத்தில் அந்த மனைக்கான மின்னஞ்சல் அறிவிப்பை நிறுத்தாதீர்கள். வங்கிக் கணக்கை மூடாதீர்கள். முதல் நாள் தரவிறக்கிய கோப்புறை யாரிடம் இருக்கிறது என்பதைக் குறைந்தது இருவராவது அறிந்திருக்கட்டும்.